ஆற்று மீனும் தூண்டில் விதியும்
(மயிலாப்பூரில் நடந்த நம் சங்க மாதக் கூட்டத்தில் ஆற்றிய சொற்பொழிவு)



நம் இளைஞர் சிலர் விடுமுறையிற் காவிரிக்கரை சென்று தூண்டிலிட விரும்புகின்றனர். பிடித்த மீனை உயிருடன் விட்டுவிட்டால் யாருக்கு என்ன கேடு என்பது அவர்தம் வினா. அடையாற்று முகத்தில் மடவை பிடிக்கும் சிறுவரைக் கண்டு பழகிய நமக்கு அது நியாயமாகவே தோன்றும். மீன் என்றாற் கயற்கண்ணையே நினைக்கும் தமிழாசிரியன் யான். எனினும் இதுபற்றிக் கற்றறிந்த சிலவற்றை உரைப்பேன்.

1897-ஆம் ஆண்டின் இந்திய மீன்வளச் சட்டம் ஆற்றில் வெடி வைத்தலையும் நஞ்சு கலத்தலையும் குற்றமாக்கியது. வலைக்கண்ணின் அளவை வரையறுக்கவும் இடமளித்தது. நீலகிரிக்கு 1879-லேயே வேட்டை விலங்கையும் மீனையும் காக்கத் தனிச் சட்டம் பிறந்தது. சட்டம் பழையது; காவலே அரிது.

காவிரியிற் பெருங்கெண்டை ஒன்றுண்டு. மஹசீர் என்பர். முதுகு திமில்போல் உயர்ந்தது. துடுப்புச் செம்மஞ்சள் நிறத்தது. இவ்வினத்து மீனொன்று 1946-இல் கபினியாற்றில் 120 ராத்தல் எடையுடன் தூண்டிலிற் சிக்கியது. பின்னர் வெடியும் களவும் மிகவே, கர்நாடகப் பகுதியில் தூண்டிற்காரர் கழகத்தார் ஆற்றின் சில பகுதிகளைக் குத்தகைக்கு எடுத்துக் காவலிட்டனர். முன்பு கள்ளத்தனமாய் மீன் பிடித்தோர் சிலரே வழிகாட்டிகளாயினர். பிடித்ததை நிறுத்து, எழுதி, நீரில் விடுவதே அங்கு விதி.

ஆனால் அன்பர்களே, மீன் பெருகட்டும் என்னும் நல்லெண்ணத்தால் லோனாவ்லாவிற் பொரித்த நீலத்துடுப்பு மஹசீர்க் குஞ்சுகளையும் காவிரியில் விட்டனர். அவை பெருகின; திமிலுடைய ஆதிமீன் அருகிற்று. கலிபோரே முகாமின் 1998 முதல் 2012 வரையான பிடிப்புக் குறிப்புகளை ஆராய்ந்தபோதே இவ்வுண்மை வெளிப்பட்டது. வேடிக்கைக்காக எழுதிய கணக்கு சாட்சியாயிற்று! 2018-இல் அம்மீன் மிக அருகிய இனமென உலகப் பட்டியலில் ஏறிற்று.

இதற்கிடையே, காப்புக்காட்டினுள் தூண்டிலிடுதலும் வேட்டையே என்று 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குச் சட்டத்திற்குப் பொருள்கொள்ளப்பட்டு, அம்முகாம்களில் தூண்டில் நின்றது. சட்டத்தின் சொற்பொருளை யான் மறுக்கவில்லை. உரையாசிரியர் மரபினனுக்கு அது தகாது. ஆனால் தூண்டிலோடு அங்கிருந்த காவற்கண்களும் கணக்கும் அகன்றன. வெடி வைப்போன் அனுமதி கேட்டு வருவதில்லை.

காப்புக்காட்டிற்குப் புறத்தேயாயின், உரிமச்சீட்டு, முள்ளில்லாத் தூண்டில், சினைமீன் மேல்நோக்கி ஏறும் மழைக்காலத்தில் ஓய்வு, பிடித்தவற்றின் கணக்கு ஆகிய இவற்றுடன் தூண்டிலை இசையலாம் என்பது என் கருத்து. பெரிய பெண்மீனே மிகுந்த முட்டையிடுவது. அதனை நெடுநேரம் இழுத்துக் களைக்கவைத்து, மணலிற் கிடத்திப் படமெடுத்த பின் விடுவது விட்டதாகாது. இதனை இளைஞர் நன்கு உணர்க.

ஆதலின் பயணக் குழுவினர் முதலில் மீன்வளத் துறையாரிடமும் வனத்துறையாரிடமும் எழுத்து மூலம் கேட்டறிக. விடை வரும்வரை தூண்டிலுக்கென ஒதுக்கிய தொகை செயலாளரிடமே இருக்கட்டும். இதனைத் தீர்மானமாக அவைமுன் வைக்கின்றேன்.