தீவுகளில் தாய்மையும் உடற்பயிற்சியும்

(மாணவர்களுக்கும் அலுவலர்களுக்கும் ஆற்றிய உரையின் வடிவம்)



கருவுற்ற பெண் உடற்பயிற்சி செய்யலாமா, ஓடலாமா என்னும் வினா வசதி படைத்தோரின் வினாவாக முதலில் தோன்றக்கூடும். ஆனால் அந்தமான் நிக்கோபார் தீவுகளில் பணியாற்றுவோருக்கு இது அன்றாடப் பொறுப்போடு இணைந்த வினாவாகும். வடக்கு தெற்காக எழுநூறு கிலோமீட்டருக்கும் மேல் நீண்டு கிடக்கும் இத்தீவுக் கூட்டத்தில், 2011-ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி சுமார் 3.8 லட்சம் மக்கள் வாழ்ந்தனர். பெரிய மருத்துவமனை தலைநகரில் இருக்கிறது. கிரேட் நிக்கோபாரின் காம்ப்பெல் பேயிலிருந்து தலைநகருக்கு ஐந்நூறு கிலோமீட்டருக்கு மேல் கடல் வழி. ஆகவே, பேறுகாலச் சிக்கல்களை முன்கூட்டியே குறைக்கும் எந்த வழியும் இங்கு இரட்டிப்புப் பயன் தருவதாகும்.

நம்மிடையே இரண்டு கருத்துகள் வேரூன்றியுள்ளன. "வாயும் வயிறுமாக இருப்பவள் அசையக் கூடாது" என்பது ஒன்று. "குனிந்து நிமிர்ந்து வேலை செய்தால் சுகப்பிரசவம் ஆகும்" என்பது மற்றொன்று. முன்னது, 2024-ஆம் ஆண்டில் ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாற்றம் பெற்ற போர்ட் பிளேரில், மேசைப் பணி புரியும் பெண்ணை நாள் முழுவதும் உட்கார வைத்து விடுகிறது. பின்னது, பாக்குத் தோட்டத்திலும் தென்னந்தோப்பிலும் உழைத்து, விறகும் நீரும் சுமக்கும் பெண்ணுக்கு ஓய்வை மறுத்து விடுகிறது. இருவருக்கும் ஒரே அறிவுரையைக் கூறுவது பொருந்தாது.

உடற்பயிற்சி வேறு, உடலுழைப்பு வேறு. பயிற்சியின் அளவையும் நேரத்தையும் பெண்ணே தீர்மானிக்கிறாள், களைத்தால் நிறுத்துகிறாள். கூலி வேலையில் அவ்வுரிமை அவளுக்கு இல்லை. 2019-21-இல் நடத்தப்பட்ட தேசியக் குடும்பநல ஆய்வு, நம் நாட்டுக் கருவுற்ற பெண்களில் பாதிக்கு மேற்பட்டோர் இரத்தசோகை உடையவர்கள் என்று காட்டியது. அத்தகைய பெண்ணிடம் மேலும் ஓடியாடச் சொல்வதற்கு முன்னால் இரும்புச்சத்து மாத்திரையும், நல்ல உணவும், சுமை குறைப்பும் அளிக்கப்பட வேண்டும்.

மருத்துவ அறிவும் இத்துறையில் படிப்படியாகவே வளர்ந்தது. அமெரிக்க மகப்பேறு மருத்துவர் கழகம் 1985-ஆம் ஆண்டில், கருவுற்ற பெண்ணின் நாடித் துடிப்பு பயிற்சியின்போது நிமிடத்திற்கு 140-ஐத் தாண்டலாகாது என்று வரையறுத்தது. போதிய சான்று இன்மையால் 1994-இல் அவ்வரம்பு கைவிடப்பட்டது. சிக்கலற்ற கர்ப்ப நிலையில் வாரத்திற்குக் குறைந்தது 150 நிமிடம் மிதமான பயிற்சி நன்மை தரும் என்று உலக சுகாதார நிறுவனம் 2020-இல் அறிவித்தது. அளவான பயிற்சியால் கருச்சிதைவு நேரும் என்னும் அச்சத்திற்கு ஆதாரம் இல்லை. கர்ப்பகால நீரிழிவு, இரத்தக் கொதிப்பு, மிகையான எடை ஆகியவை ஏற்படும் வாய்ப்பு இதனால் குறைகிறது.

ஓட்டத்தைப் பொறுத்தவரை விதி எளியது. முன்பே ஓடிப் பழகியவர், மருத்துவரின் ஒப்புதலோடு, வேகத்தைக் குறைத்துக்கொண்டு தொடரலாம். அமெரிக்க வீராங்கனை அலிசியா மொன்டானோ 2014-இல் தம் 34-ஆவது கர்ப்ப வாரத்தில் தேசியப் போட்டியின் 800 மீட்டர் ஓட்டத்தில் கலந்துகொண்டார். அவர் பல்லாண்டுப் பயிற்சி பெற்றவர் என்பதை மறக்கலாகாது. ஓடிப் பழகாதவர் கர்ப்ப காலத்தில் ஓட்டத்தைத் தொடங்க வேண்டியதில்லை, நடைப்பயிற்சியே போதுமானது. நடக்கையில் பேச முடிய வேண்டும். பேச்சு மூச்சிரைப்பால் தடைப்பட்டால் வேகம் மிகுந்துவிட்டது எனக் கொள்ளலாம்.

இனித் தீவுகளின் தனி நிலைமைக்கு வருவோம். மிகுந்த வெப்பத்திலும் ஈரப்பதத்திலும் கருவுற்றோர் பயிற்சியைத் தவிர்க்க வேண்டும். ஈரக்காற்றில் வியர்வை உலராது. உடல் வெப்பம் தணியாது. கருவின் தொடக்க வாரங்களில் தாயின் உடல் வெப்பம் அளவுமீறி உயர்வது சிசுவின் நரம்பு மண்டல வளர்ச்சிக்குத் தீங்கு பயக்கலாம். இந்திய நேரப்படி இங்கு ஜூன் மாதத்தில் காலை ஐந்து மணியளவிலேயே கதிரவன் உதித்து விடுகிறான். டிசம்பரில் மாலை ஐந்து மணியளவில் மறைந்து விடுகிறான். ஆதலால் அதிகாலை நேரமே நடைக்கு உகந்தது. அலுவலகம் விட்டு வந்து நடக்கலாம் என்றால், ஆண்டின் பெரும்பகுதியில் இருட்டி விடும். மாதக்கணக்கில் நீடிக்கும் மழையில், பாசி படிந்த மேடுபள்ளப் பாதைகளில் வழுக்கி விழும் அபாயமும் உண்டு. கர்ப்ப காலத்தில் மூட்டுகள் தளர்வதாலும் உடலின் சமநிலை மாறுவதாலும் இவ்வபாயம் கூடுகிறது. அந்நாட்களில் வீட்டுத் திண்ணையிலும் பள்ளிக் கூடத்திலும் எளிய அசைவுகளையும் இடுப்புத் தளத் தசைப் பயிற்சியையும் செய்யலாம். சுற்றுலாப் பயணிகளைக் கவரும் ஆழ்கடல் மூழ்கலைக் கருவுற்றோர் அறவே தவிர்க்க வேண்டும். அழுத்த மாற்றத்தால் உண்டாகும் வாயுக் குமிழ்கள் சிசுவைப் பாதிக்கக்கூடும்.

இரத்தப்போக்கு, பனிக்குட நீர்க் கசிவு, விட்டுவிட்டு வரும் வலி, தலைச்சுற்றல், கடுந்தலைவலி, நெஞ்சு வலி, கெண்டைக்கால் வீக்கம் ஆகியவற்றுள் எது தோன்றினாலும் பயிற்சியை உடனே நிறுத்தி மருத்துவ உதவி பெற வேண்டும். கடும் இரத்தசோகை, இதயநோய், கர்ப்பகால இரத்தக் கொதிப்பு, தாழ்ந்து அமைந்த நஞ்சுக்கொடி ஆகியவை உடையோர் மருத்துவர் சொற்படியே நடக்க வேண்டும். பெருநகரில் ஒரு மணி நேரம் தாமதித்தாலும் வாகனம் கிடைக்கும். இங்கோ அடுத்த கப்பலுக்கும் ஹெலிகாப்டருக்கும் வானிலை இடந்தர வேண்டும். எனவே தீவுத் தாய் இவ்வறிகுறிகளைக் கேட்டறிந்திருப்பது பயிற்சியினும் முதன்மையானது.

அலுவலர்கள் செய்யக் கூடியவை சில உண்டு. 2016-இல் தொடங்கப்பட்ட பாதுகாப்பான தாய்மை இயக்கத்தின்படி ஒவ்வொரு மாதமும் 9-ஆம் தேதி நடைபெறும் பரிசோதனையின்போது, "என்ன வேலை செய்கிறாய் அம்மா?" என்னும் கேள்வியையும் கேட்கலாம். விடைக்கேற்ப ஒருத்திக்கு நடையும், மற்றொருத்திக்கு ஓய்வும் பரிந்துரைக்கலாம். பேறுகாலத்திற்காக வெளித்தீவுகளிலிருந்து தலைநகருக்கு வந்து, உறவினர் இல்லங்களில் நாட்களைக் கழிக்கும் பெண்களுக்கு, நிழலும் சமதளமும் உள்ள நடைபாதை ஒன்றைக் காட்டலாம். 1961-ஆம் ஆண்டின் மகப்பேறு நலச் சட்டமே, பேற்றுக்கு முந்தைய வாரங்களில் கருவுற்ற பெண் கேட்டுக்கொண்டால் கடின வேலை தரலாகாது என்று வகுத்தது. தோட்ட வேலையிலும் அந்நெறி கடைப்பிடிக்கப்படுகிறதா என்று பார்ப்பது நம் கடமை.

மாணவர்களே, நாளை நீங்கள் இத்தீவுகளில் செவிலியராகவோ ஆசிரியராகவோ அலுவலராகவோ பணியேற்கலாம். அப்போது கருவுற்ற பெண் ஒருத்திக்கு அறிவுரை கூறுமுன், அவளது ஒரு நாள் வாழ்க்கையை முதலில் கேட்டறியுங்கள். உட்கார்ந்திருப்பவளை எழுந்து நடக்கச் செய்வதும், சுமந்து நிற்பவளைச் சற்றே அமரச் செய்வதும் ஒரே நலப்பணியின் இரு பகுதிகளாகும்.