கூகுளில் நம்ம பெயர் ஏன் வரலை?

(பொன்னமராவதி கூட்டமைப்புக் கூட்டத்தில் களப்பணி ஒருங்கிணைப்பாளர் பேசியது)



செக்கு எண்ணெய் விற்க வலைத்தளம் தொடங்கி ஒரு மாதம் ஆச்சு. கூகுளில் தேடினால் நம்ம பெயரே வரலை. "பதினைந்தாயிரம் கொடுங்க, பத்து நாளில் முதலிடம்" என்று ஒருத்தர் போனில் சொன்னாராம். தீர்மானம் எழுதுவதற்கு முன் இதைக் கேளுங்க.

புதுக் குழுவுக்கு மறுநாளே வங்கி கடன் தருதா? ஆறு மாத சேமிப்பு, உள்கடன், தீர்மானப் புத்தகம் பார்த்துத்தானே தருவாங்க. கூகுளும் ஏறக்குறைய அப்படித்தான், ஆனால் அங்கே மாதக் கணக்கு கிடையாது. 1998-இல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக மாணவர்கள் லாரி பேஜ், செர்கே பிரின் இருவரும் ஒரு முறையை வெளியிட்டார்கள். ஒரு பக்கத்துக்கு வேறு எத்தனை பக்கங்கள் இணைப்பு கொடுத்திருக்கின்றன, கொடுத்தவர்களுக்கு என்ன மதிப்பு என்று பார்ப்பது. (நம்ம ஊரில் ஜாமீன் கையெழுத்து போடுறவரை எடைபோடுவோமே, அது மாதிரி!) இப்போது இன்னும் பலதையும் பார்க்கிறார்கள். நமக்கு இணைப்பு கொடுத்தவர் யாருமில்லை. நம்ம பக்கம் இருப்பதே கூகுளுக்குத் தெரியாமலும் இருக்கலாம்.

அதைத் தெரிவிக்க 'சர்ச் கன்சோல்' இருக்கு, கட்டணமில்லை. வரைபடத்தில் கடையைச் சேர்ப்பதும் இலவசம்தான். முதலிடத்துக்கு யாரும் உத்தரவாதம் தர முடியாது என்று கூகுளே எழுதி வைத்திருக்கிறது. அந்தப் பணத்துக்குக் கடலை வாங்குங்க.

'கடலை எண்ணெய்' என்றால் பெரிய கம்பெனிகளோடு போட்டி. 'பொன்னமராவதி செக்கு எண்ணெய்' என்றால் போட்டி குறைவு. எப்படி ஆட்டுகிறோம், லிட்டர் என்ன விலை என்று நம்ம பேச்சிலேயே எழுதுங்க.

சனிக்கிழமை அலுவலகத்தில் பதிவு செய்யலாம். தளம் செய்து கொடுத்த தம்பியிடம் பாஸ்வேர்டை மறக்காமல் வாங்கி வாங்க.