ரேடியோ இரைச்சலுக்கு ஒரு வளையம்

2015 டிசம்பரில் செம்பரம்பாக்கம் ஏரியைத் திறந்து அடையாற்றில் வெள்ளம் வந்தபோது, பல ஊர்களில் கரண்டும் போச்சு, செல்போனும் போச்சு. பேட்டரி ரேடியோ வைத்திருந்தவருக்கு மட்டும் செய்தி கேட்க வழி இருந்தது. அந்த ரேடியோ மற்ற நாளில் 'கர்ர்' என்று இரைகிறதே, ஏன்?

குன்றத்தூரில் கேட்டால் ஒரகடம் ஃபேக்டரிகளைக் கைகாட்டுவார்கள். அவசரப்படாதீங்க. ரேடியோவைப் பேட்டரியில் பாடவிட்டு, வீட்டு மெயினையும் இன்வெர்ட்டரையும் அணையுங்கள். இரைச்சல் நின்றால் திருடன் வீட்டுக்குள்ளேதான். எல்.ஈ.டி. பல்பு, செல்போன் சார்ஜர், இன்வெர்ட்டர் என்று ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தால் பிடிபடும்.

மாடியில் ஏரியல் கட்டி, டிஷ் கேபிள் மாதிரி ஒயரில் இறக்கியவர்களுக்கு இன்னொரு தொல்லை. வீட்டு இரைச்சல் கேபிளின் வெளிப்பின்னல் மேலேறி ஏரியலில் கலந்துவிடும். லேப்டாப் சார்ஜர் ஒயரில் உருண்டையாக ஒன்று இருக்குமே, அதற்குள் இருப்பது ஃபெரைட். அதே சரக்கில் பெரிய வளையமாக வாங்கி, கேபிளை அறுக்காமல் அதற்குள் எட்டுப் பத்துச் சுற்று சுற்றுங்கள். நிகழ்ச்சி கேபிளுக்குள்ளே போகிறது, அதற்குக் குறைவு வராது. வெளியே ஓடும் இரைச்சல்தான் மறிக்கப்படும். சுற்றை இரட்டித்தால் தடை ஏறக்குறைய நான்கு மடங்கு. மீடியம் வேவுக்குச் சுற்றில் கஞ்சத்தனம் வேண்டாம். கேபிளை நெரித்து மடக்காதீங்க.

ஏரியல் இல்லாத சின்ன ரேடியோவா? வளையத்துக்குச் செலவு செய்யாதீர்கள். மீடியம் வேவில் ரேடியோவை மெல்லத் திருப்பினால், ஒரு பக்கம் இரைச்சல் அடங்கும்.

மின்கம்பி பக்கத்தில் ஏரியல் கட்டவே கூடாது. இடிமேகம் கட்டும்போதே ஒயரை ரேடியோவிலிருந்து கழற்றி வீட்டுக்கு வெளியே போட்டுவிடுங்கள்.