கல்விக் கழக வளாகமும் கிராமப் புறம்போக்கும்

(ஊராட்சி உறுப்பினர் பயிற்சி முகாம் ஒன்றில் ஆற்றிய உரை)



உயர்கல்வி நிலையங்களின் வளாகங்களை இயற்கைக்குக் கேடின்றிப் பேணுவது எப்படி என்பது பற்றிப் பேசுமாறு என்னைப் பணித்திருக்கிறார்கள். "கிணறு வற்றிக் கிடக்கிறது, இந்த நேரத்தில் கல்லூரித் தோட்டத்தின் கதை நமக்கு எதற்கு?" என்று உங்களுள் சிலர் எண்ணலாம். அவ்வாறு எண்ணுவது நியாயமே. ஆயினும், பெரிய வளாகம் என்பதுதான் என்ன? சில நூறு ஏக்கர் நிலம். அதில் வாழும் சில ஆயிரம் மக்கள். அவர்களுக்கு வேண்டிய குடிநீர், அடுப்பு, சாக்கடை, குப்பைக் குழி, தெருவிளக்கு. இவையெல்லாம் ஊராட்சியின் கவலைகளே அல்லவா? ஆகவே வளாகத்தை மதில் சூழ்ந்த ஒரு கிராமம் என்றே கொள்ளலாம். அத்தகைய கிராமம் ஒன்றில் சுமார் நாலு ஏக்கரில் நடந்த ஒரு காரியத்தை மட்டும் இன்று உங்கள் முன் வைக்க விரும்புகிறேன்.

பெங்களூரில் உள்ள இந்திய விஞ்ஞானக் கழகத்தைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். 1909-ஆம் ஆண்டில் நிறுவப்பெற்றது. ஜம்சேட்ஜி டாட்டாவின் கனவில் பிறந்தது. மைசூர் மகாராஜா அதற்கென 371 ஏக்கர் நிலம் வழங்கினார். அந்நாளில் அது பெரும்பாலும் மரமற்ற வறண்ட மேட்டு நிலம். இன்று அங்கே காணும் நிழலெல்லாம் பின்னர் மனிதர் நட்டு வளர்த்ததே. ஆனால் அவ்வாறு நட்டவற்றுள் பெரும்பகுதி அழகுக்கும் நிழலுக்குமாக வரிசையாக நட்டவை. வெளிநாட்டு மரங்களும் அவற்றுள் பல.

1980-களில் அக்கழகத்தின் சூழலியல் மையத்தைச் சேர்ந்த விஞ்ஞானிகள் தங்கள் கட்டிடத்துக்கு எதிரே, முட்செடியும் அயல்நாட்டுச் செடியுமாகக் கிடந்த சுமார் ஒன்றரை ஹெக்டேர் நிலத்தை எடுத்துக்கொண்டனர். மேற்குத் தொடர்ச்சி மலைக் காடுகளுக்கு உரிய 49 வகை மரங்களின் கன்றுகளை, ஏறத்தாழ ஐந்நூறு, அதில் நட்டனர். அதன் பிறகு செய்ததைவிட, செய்யாமல் விட்டதே பெரிது என்பது என் கருத்து. அந்த இடத்தில் காடு தன் போக்கிலே அடர்ந்து வளர விடப்பட்டது. விழுந்த இலை விழுந்த இடத்திலேயே கிடந்தது. மரத்தின் அடியில் செடியும் கொடியும் மண்டின.

இருபத்தைந்து ஆண்டுகள் கழித்து அம்மையத்தார் வெளியிட்ட கணக்கைக் கேளுங்கள். காடு உண்டாவதற்கு முன் அவ்விடத்தில் நிலத்தடி நீர் 60 முதல் 70 மீட்டர் ஆழத்தில் இருந்தது. பின்னர் அது 3 முதல் 3.5 மீட்டர் ஆழத்துக்கு ஏறி வந்தது. அதாவது, இருநூறு அடிக்கும் கீழே இருந்த தண்ணீர் பத்துப் பன்னிரண்டு அடியில் கைக்கு எட்டியது. ஒரு சிறு காடே தனியாக இத்தனையும் செய்தது என்று நான் சாதிக்க வரவில்லை. சுற்றுப்புறத்தில் எவ்வளவு நீர் இறைக்கிறார்கள், பாறை எப்படி அமைந்திருக்கிறது என்பவற்றுக்கும் இதில் பங்கு உண்டு. ஆயினும் மரமும் சருகும் சேர்ந்த நிலம் மழையைப் பிடித்து வைக்கும் என்பதில் ஐயமில்லை.

அது எவ்வாறு நிகழ்கிறது? வெட்ட வெளியில் விழும் மழைத்துளி மண்ணை அடித்துக் கலக்கிச் சேறாக்குகிறது. அந்த நுண்ணிய சேறு மண்ணின் கண்களை அடைத்துவிடுகிறது. பிறகு பெய்யும் நீர் உள்ளே போக வழியின்றி ஓடையை நோக்கி ஓடுகிறது. சருகு மெத்தை போட்ட இடத்திலோ துளியின் வேகம் இலையிலேயே தணிந்துவிடும். சருகைத் தின்ன வரும் கறையானும் மண்புழுவும் ஆயிரம் துளைகள் இடுகின்றன. பட்டுப்போன வேர்களும் தண்ணீருக்கு வழியாகின்றன. கூலி கேட்காத இந்த வேலையாட்களை, நாம் குப்பை என்று கூட்டித் தீ வைக்கும்போது விரட்டிவிடுகிறோம்.

நான் அறிந்த ஒரு கல்லூரி வளாகம் உண்டு, பெயர் வேண்டாம். அங்கே நாள்தோறும் காலையில் மரத்தடியைச் சீவிப் பெருக்கி, மாலையில் சருகைக் குவித்து எரிப்பார்கள். தரை கண்ணாடிபோல் இருக்கும். கோடையில் அதே மரங்களுக்கு லாரியில் தண்ணீர் வரும்! சுத்தம் என்பதற்கும் மொட்டை என்பதற்கும் உள்ள வேற்றுமையைப் படித்தவர்களே மறந்துபோவது வருந்தத் தக்கது.

இனி, நம் ஊருக்கு வருவோம். மேய்ச்சல் நிலம், களம், மந்தை, சுடுகாடு, இடுகாடு, வண்டிப்பேட்டை, தோப்பு ஆகிய புறம்போக்குகளை 1994-ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம் ஊராட்சியின் பொறுப்பில் வைத்திருக்கிறது. இவற்றுள் நாலு ஏக்கர் கிடைக்காத ஊர் அரிது. ஒன்றரை ஹெக்டேர் நிலத்தில் ஆண்டுக்கு 900 மில்லிமீட்டர் மழை பெய்தால் விழும் நீர் 1 கோடியே 35 இலட்சம் லிட்டர். கடும்பாறைப் பகுதிகளில் அதில் பத்தில் ஒரு பங்குதான் ஆழத்துக்கு இறங்கும் என்று வைத்துக்கொண்டாலும் 13½ இலட்சம் லிட்டர் ஆகிறது. ஆள் ஒன்றுக்கு நாளைக்கு 55 லிட்டர் வீதம் 67 பேருக்கு ஓராண்டுக் குடிநீர் அது. நாலு ஏக்கர் ஊரையே காப்பாற்றிவிடும் என்று நான் சொல்லவில்லை. ஆனால் 67 பேர் என்பது ஒரு தெரு.

பெங்களூரில் நட்ட மரங்களையே நாமும் நடவேண்டும் என்று யாரும் எண்ணவேண்டாம். அது மூவாயிரம் அடி உயர மேட்டு நிலம். மழையும் மே முதல் அக்டோபர் வரை பரவலாகப் பெய்கிறது. நமக்கோ பல மாவட்டங்களில் ஐப்பசி, கார்த்திகையில் கொட்டித் தீர்த்துவிடும். ஆகவே மரத்தோடு சரிவின் குறுக்கே வரப்பும் சிறு அகழியும் அவசியம். எந்த மரம் என்று தெரிய வேண்டுமானால், வெளியே எங்கும் போகவேண்டாம். உங்கள் பக்கத்துக் கோவில்காட்டுக்குப் போய்ப் பாருங்கள். புதுக்கோட்டை வட்டாரத்துக் கோவில்காடுகளில் வீரையும் உலக்கைப் பாலையும் காசானும் இன்றும் நிற்கின்றன. சாமிக்குப் பயந்து ஒருவரும் சருகைக் கூட அள்ளாததால் நின்றவை அவை. மற்ற இடங்களுக்குப் புங்கன், வேம்பு, இலுப்பை, மருது, வாகை, ஆத்தி என்று அவரவர் மண்ணுக்கு ஏற்றவை இருக்கின்றன. தைல மரம் மட்டும் வேண்டாம்; அது நீரைச் சேமிப்பதற்குப் பதில் உறிஞ்சும்.

கழகத்தாருக்கு இருந்த ஒரு வசதி நமக்கு இல்லை. அவர்களுக்கு மதிலும் காவலரும் உண்டு. நமக்கோ ஆடு உண்டு. விறகுக்கு அலையும் பெண்களும் உண்டு. இதை மறைத்துப் பேசிப் பயனில்லை. நட்ட கன்று பிழைக்காமல் போவதற்கு மழையைக் காட்டிலும் இதுவே பெரிய காரணம். ஆனால் ஆட்டுக்காரரைக் குற்றவாளி ஆக்குவது முறையன்று. அந்தப் புறம்போக்கை விட்டால் அவருக்கு வேறு நிலம் இல்லை. ஆதலால் மேய்ச்சல் நிலம் முழுவதையும் ஒரேயடியாக வேலி போட்டு அடைக்கும் ஊராட்சித் தீர்மானத்தை நான் ஆதரிக்கமாட்டேன். ஒரு பாதியை அடைத்து, அதில் வளரும் புல்லை அறுத்துக்கொள்ளும் உரிமையை அதே ஆட்டுக்காரர்களுக்கு எழுதிக் கொடுங்கள். அப்போது அவர்களே வேலியைக் காப்பார்கள். சீமைக் கருவேலத்தையும் ஒரே நாளில் வேரோடு பிடுங்கிவிட்டால் ஏழை வீட்டு அடுப்பு என்ன ஆகும்? பகுதி பகுதியாக அகற்றி, அகற்றிய இடத்தில் நடுவதே நன்று.

விறகைப் பற்றிப் பேசும்போது அதே விஞ்ஞானக் கழகத்தின் இன்னொரு பணி நினைவுக்கு வருகிறது. 1974-ஆம் ஆண்டில் பேராசிரியர் அமூல்ய ரெட்டியும் அவரது தோழர்களும் கிராமப்புறங்களுக்கு விஞ்ஞானத்தைக் கொண்டு செல்ல 'அஸ்த்ரா' என்ற பிரிவைத் தொடங்கினர். விறகைச் சிக்கனப்படுத்தும் புகையில்லா அடுப்பு ஒன்று அவர்கள் தந்தது. தும்கூர் மாவட்டத்துப் புரா என்னும் சிற்றூரில் பொதுச் சாண எரிவாயுக் கலமும் அமைத்தனர். முதலில் சமையலுக்கு வாயு தர முனைந்தார்கள்; சாணம் போதவில்லை, திட்டம் நின்றது. பிறகு 1987 முதல் அதே வாயுவால் இயந்திரத்தை ஓட்டி, குழாய்க் கிணற்று நீரும் வீட்டு விளக்கும் கொடுத்தனர். சாணம் கொடுத்தவருக்குக் கொண்டுவந்த கூலியும், வாயு எடுத்த கசடு எருவாகவும் திரும்பக் கிடைத்தன. ஊர்க்குழுவே நடத்தியது. ஊரார் முதலில் கேட்டது தண்ணீர் என்பது அறிஞர்களுக்குத் தோல்விக்குப் பிறகே புரிந்தது. உங்கள் ஊரில் எந்தத் திட்டம் கொண்டுவந்தாலும் இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

மீண்டும் காட்டுக்கே வருகிறேன். அந்தக் கழக வளாகத்தின் மரங்களில் தேவாங்குகள் வாழ்கின்றன, பெருநகரத்தின் நடுவே! பூச்சிகளைத் தின்னும் இந்தச் சாதுவான பிராணிக்கு மரக்கிளைகள் ஒன்றோடொன்று தொட்டு நிற்கவேண்டும். நம் கரூர், திண்டுக்கல் மாவட்டங்களிலும் அதற்காக 2022-ஆம் ஆண்டில் கடவூரில் சரணாலயம் அறிவிக்கப்பட்டது. கிளை தொட்ட தோப்பு உங்கள் ஊரில் இருந்தால் அதன் நடுவே பாதை வெட்டுமுன் ஒருமுறை யோசியுங்கள்.

அக்டோபர் 2-ஆம் நாள் கிராமசபை கூடும்போது இடத்தைத் தீர்மானித்துவிடுங்கள். வடகிழக்குப் பருவமழை தொடங்கியதும் நடலாம். முதல் இரண்டு கோடைக்குக் குடத்து நீர் ஊற்றவேண்டியிருக்கும். அதற்கு ஆளும் கூலியும் அன்றே எழுதப்படட்டும். இன்னும் ஒன்று: நடும் நாளிலேயே அருகிலுள்ள பொதுக் கிணற்றில் கல் கட்டிய கயிற்றை இறக்கி, நீர் எத்தனை அடியில் இருக்கிறது என்று அளந்து ஊராட்சி அலுவலகச் சுவரில் எழுதிவையுங்கள். பிறகு மாதந்தோறும் முதல் தேதியில் அதே கயிறு, அதே கிணறு.