எவர்சில்வர் பற்றவைப்பும் குளிர்விக்கும் முறையும்
(உரையின் எழுத்து வடிவம்)

திருவனந்தபுரத்திலிருந்து நாகர்கோவிலை நோக்கிச் செல்லும் நெடுஞ்சாலையில் நெய்யாற்றின்கரையைத் தாண்டினால் அமரவிளை, உதியன்குளங்கரை, பாறசாலை என ஊர்கள் இடைவெளியின்றித் தொடர்கின்றன. களியக்காவிளையில் மாநில எல்லை குறுக்கிடுகிறது. 1956 நவம்பர் முதல் நாள் விளவங்கோடு வட்டம் தமிழ்நாட்டுடன் இணைந்தது. நெய்யாற்றின்கரை வட்டம் கேரளத்தில் நின்றது. ஆயினும் உறவும் வாணிகமும் அந்தக் கோட்டைப் பொருட்படுத்தவில்லை. இவ்வட்டாரத்துச் சிறு தொழில்களுள் ஒன்று வெல்டிங் பட்டறை. இரும்புக் கதவும் ஜன்னல் கம்பியும் செய்து வந்த பட்டறைகள் பலவற்றில் இன்று எவர்சில்வர் வேலையும் நடைபெறுகிறது: மாடிப்படிக் கைப்பிடி, வாயிற்கதவு, உணவு விடுதிகளுக்கான மேசை, தண்ணீர்த் தொட்டி, ஆலய உண்டியல்.

இப்பொருள்களை வாங்குவோர் துருப்பிடிக்காது என்ற நம்பிக்கையில்தான் கூடுதல் விலை கொடுக்கின்றனர். பூவாறு, பொழியூர் போன்ற கடலோரச் சிற்றூர்களில் அந்த நம்பிக்கை சில மழைக்காலங்களுக்குள் குலைந்துவிடுவதுண்டு. தகடு பளபளப்பாகவே இருக்கும். பற்றவைத்த இடத்தை ஒட்டி மட்டும் பழுப்பு நிறக் கறை படரும். குற்றம் தகட்டினுடையதா, பற்றவைத்தவருடையதா என்ற வழக்கு அங்கே தொடங்குகிறது. பற்றவைத்த மூட்டு எவ்வாறு ஆறியது என்ற கேள்விக்கு இவ்வழக்கில் ஓர் இடம் உண்டு. அது எவ்வளவு பெரிய இடம் என்பதை அளந்து பார்க்க வேண்டும்.

குரோமியம் இழக்கும் விளிம்பு

சந்தையில் 304 என வழங்கும் எவர்சில்வரில் ஏறத்தாழ 18 சதவீதம் குரோமியமும் 8 சதவீதம் நிக்கலும் உள்ளன. குரோமியம் காற்றிலுள்ள ஆக்சிஜனுடன் சேர்ந்து கண்ணுக்குப் புலனாகாத மெல்லிய படலத்தை உண்டாக்குகிறது. அப்படலமே காவல். உலோகத்தில் குரோமியம் 12 சதவீத அளவுக்குக் கீழே இறங்கினால் காவல் தளர்ந்துவிடும்.

பற்றவைக்கும்போது மூட்டை ஒட்டிய பகுதி 450 முதல் 850 டிகிரி செல்சியஸ் வரையிலான வெப்பநிலையைக் கடந்து செல்ல நேரிடுகிறது. இந்த எல்லைக்குள் உலோகம் நெடுநேரம் தங்கினால், அதிலுள்ள கார்பன் குரோமியத்தோடு கூடி, மணிகளின் விளிம்புகளில் கார்பைடாகப் படியும். எடைக் கணக்கில் ஒரு பங்கு கார்பன் சுமார் பதினாறு பங்கு குரோமியத்தைப் பிடித்துக்கொள்கிறது. எனவே மிகச் சிறிய அளவு கார்பனும் விளிம்பை வறியதாக்கிவிட வல்லது. உப்பு ஈரம் பட்டால் அவ்விளிம்பு வழியாகவே அரிப்பு உள்ளே நுழையும்.

ஆகவே இந்த வெப்ப எல்லையை எவ்வளவு விரைவாகக் கடக்கிறோம் என்பதே குளிர்விப்பின் சாரம். கார்பன் 0.08 சதவீதம் இருக்கும் உலோகத்தில் கேடு சில நிமிடங்களிலோ அதற்கு முன்னரோ தொடங்கிவிடும். 0.03 சதவீதத்துக்கு மேற்படாத 304எல் வகையில் அதற்கு மணிக்கணக்கில் காலம் வேண்டும். கல்பாக்கத்தில் அமையும் முன்மாதிரி வேக ஈனுலையின் முதன்மைக் கலத்துக்குக் கார்பன் குறைந்து நைட்ரஜன் சேர்ந்த 316எல்என் வகை தெரிவு செய்யப்பட்டதற்கு இதுவும் ஒரு காரணம்.

சாதாரண இரும்பில் பழகிய கைகளுக்கு இங்கே ஒரு தடுமாற்றம் நேர்வதுண்டு. கார்பன் மிகுந்த எஃகைச் சூட்டோடு நீரில் தோய்த்தால் அது கடினமாகி வெடிக்கும். மெல்ல ஆறவிடுவதே அங்கு நன்று. 304, 316 ஆகிய வகைகள் அவ்வாறு கடினமாவதில்லை. அவற்றுக்கு விரைந்த குளிர்ச்சி நன்மையே செய்யும். ஆலைகளில் தகட்டை 1,050 டிகிரி அளவில் சூடாக்கி உடனே நீரில் குளிர்விப்பதும் கார்பனைக் கரைந்த நிலையிலேயே நிறுத்திவைப்பதற்காகத்தான். கத்திகளுக்கு உகந்த 410, 420 வகைகளுக்கு இவ்விதி பொருந்தாது. அவற்றை முன்னரே சூடாக்கிப் பற்றவைத்து, மெதுவாக ஆறவிட வேண்டும்.

நீர் ஊற்றலாமா?

பட்டறைகளில் மூட்டின்மேல் ஒரு குவளை நீரை ஊற்றிவிட்டு அடுத்த வேலைக்குச் செல்லும் வழக்கம் உண்டு. கார்பைடு கணக்கை மட்டும் பார்த்தால் இதில் பிழையில்லை. ஆனால் வேறு கணக்குகளும் உள்ளன. எவர்சில்வர் வெப்பத்தைக் கடத்தும் திறன் சாதாரண எஃகினதில் மூன்றில் ஒரு பங்கே. சூட்டில் விரிவதோ ஏறத்தாழ ஒன்றரை மடங்கு. எனவே சூடு ஓரிடத்திலேயே குவிந்து, மெல்லிய தகடு நெளிகிறது. ஒருபுறம் மட்டும் நீர் பட்டால் நெளிவு மிகும். கசடு மூடிய சூடான மூட்டில் நீர் பட்டால் கசடு தெறித்துக் கண்ணைக் கெடுக்கக் கூடும். மூட்டில் எஞ்சிய ஈரத்தின்மீது மறுபடி பற்றவைத்தால் உள்ளே துளைகள் விழும். இவையனைத்தினும் மேலாகக் கடலோரக் கிணற்று நீரில் குளோரைடு உண்டு. நீர் ஆவியாகி உப்பு அங்கேயே தங்கும். துருவைத் தடுக்கச் செய்த வேலையே துருவுக்கு வித்தாகிவிடும்.

இதற்கு மாற்று அரிதன்று. மூட்டின் அடியில் ஒரு செப்புப் பட்டையை வைத்துப் பற்றவைத்தால், செம்பு வெப்பத்தை இழுத்துக்கொள்ளும், மூட்டு விரைந்து ஆறும், நெளிவும் குறையும். ஒரு முறை வாங்கிய பட்டை பல ஆண்டுகளுக்கு உழைக்கும். ஈரத்துணியை மூட்டின்மேல் போடாமல் சற்று விலக்கி இருபுறமும் போடலாம். கனமான தகட்டில் ஒரு வரிசையின்மேல் மறு வரிசை இடுவதற்கு முன் சூடு 150 டிகிரிக்குக் கீழே இறங்க வேண்டும். அளவுகருவி இல்லாத பட்டறையில் கை பொறுக்கும் வரை காத்திருப்பது போதும்.

காத்திருப்பது என்ற சொல் எழுதுவதற்கு எளிது. அடிக்கணக்கில் கூலி பெறும் பற்றவைப்பாளருக்கு ஆறும் நேரம் வருமானமற்ற நேரம். அவரைக் குறைகூறிப் பயனில்லை. இரண்டு கதவுகளை அருகருகே வைத்து, ஒன்றின் மூட்டு ஆறும்போது மற்றதில் வேலை செய்தால் கூலியும் குறையாது, மூட்டும் கெடாது. நீண்ட மூட்டை ஒரே மூச்சில் இழுக்காமல் விட்டுவிட்டு இடுவதும் அத்தகையதே.

குளிர்விப்பு காரணமாகாத இடங்கள்

ஈண்டு ஒன்றை ஒளிக்காமல் கூற வேண்டும். இப்பட்டறைகளில் மிகுதியாகக் கையாளப்படும் ஒன்று, ஒன்றரை மில்லிமீட்டர் தகடு ஆர்கான் வெல்டிங்கில் தானாகவே விரைந்து ஆறிவிடுகிறது. அங்கே கார்பைடு படிய நேரமே இல்லை. அத்தகைய மூட்டில் துரு தோன்றினால் காரணத்தைப் பெரும்பாலும் வேறிடங்களில் தேட வேண்டும். பற்றவைத்தபின் தோன்றும் நீலமும் பொன்னிறமும் கலந்த சாயல் அழகுக்குரியதன்று. அதன் அடியிலுள்ள உலோகம் குரோமியம் குன்றியது. அமிலப் பசை பூசிக் கழுவி அதை நீக்க வேண்டும். அப்பசையில் ஹைட்ரோஃப்ளூரிக் அமிலம் இருப்பதால் கையுறையும் கண்ணாடியும் இன்றித் தொடலாகாது. இரும்புக் கதவை அறுத்த அதே சக்கரத்தை எவர்சில்வரில் ஓட்டினால் இரும்புத் தூள் ஒட்டித் துருப்புள்ளிகள் தோன்றும். இரு வேலைகளுக்கும் தனித்தனிச் சக்கரம் வைப்பதற்கு ஆகும் செலவு அற்பம்.

தகட்டின் வகையும் ஒரு காரணம். நிக்கலைக் குறைத்து மாங்கனீசைக் கூட்டிய 200 வரிசைத் தகடுகள் விலை மலிவு. நிக்கலுக்கு இறக்குமதியை நம்பியுள்ள நாட்டில் அவை தேவைதாம். வீட்டினுள் புழங்கும் பொருளுக்குத் தகுதியானவையும்கூட. ஆனால் கடற்காற்றில் நிற்கும் கைப்பிடிக்கு அவை பொருந்தா. அங்கே 2 முதல் 3 சதவீதம் மாலிப்டினம் சேர்ந்த 316 வகையே ஏற்றது. காந்தத்தை வைத்துப் பார்த்து ஒட்டவில்லை, எனவே 304 என்று முடிவு செய்யும் வழக்கம் தவறானது. 202 தகட்டிலும் காந்தம் ஒட்டாது.

தரத்தை வாங்குபவர் கண்ணால் அறிய இயலாத சந்தையில் நல்ல சரக்கு விலைபோகாமல் விலகிவிடும் என்று பொருளியல் அறிஞர் ஜார்ஜ் ஆக்கர்லாஃப் 1970ஆம் ஆண்டில் பழைய மோட்டார்களை எடுத்துக்காட்டாகக் கொண்டு விளக்கினார். எல்லைக் கிராமத்து எவர்சில்வர் சந்தையும் அவ்வகையைச் சேர்ந்ததே. செப்புப் பட்டை வைத்து, பசை பூசிக் கழுவிய பட்டறைக்காரர் அடிக்குச் சில ரூபாய் கூடுதலாகக் கேட்டால், வாங்குபவருக்கு வேறுபாடு தெரிவதில்லை. தெரியவரும் நாளில் பணம் கைமாறி நெடுநாள் ஆகியிருக்கும். இவ்விடத்தில் அரசு அலுவலகங்களுக்கும் பொறுப்புண்டு. பள்ளிச் சமையற்கூடத்துக்கும் மருத்துவமனைக்கும் ஒப்பந்தப்புள்ளி கோரும்போது வெறுமனே எஸ்.எஸ். என்று எழுதுவது போதாது. வகை எண், தகட்டின் கனம், பற்றவைத்த பின் சாயல் நீக்கம் ஆகிய மூன்றையும் ஒரே வரியில் எழுதிவிடலாம். அந்த ஒரு வரி இருந்தால், கவனமாகச் செய்யும் பட்டறை விலையில் தோற்க வேண்டியதில்லை.

பயிற்சிக்குத் தொலைவு செல்ல வேண்டியதில்லை. திருச்சியில் பாரத மிகுமின் நிறுவனத்தின் பற்றவைப்பு ஆராய்ச்சி நிலையம் 1975 முதல் இயங்கி வருகிறது. பாறசாலைக்கு அருகிலேயே தனுவச்சபுரத்தில் அரசுத் தொழிற்பயிற்சி நிலையம் உள்ளது. ஏற்கெனவே தொழிலில் உள்ளவரை ஓராண்டு வகுப்பில் அமர்த்த முடியாது. இரண்டு மாலைப்பொழுதுகள் அவருக்குப் போதும். ஒரே பற்றவைப்பாளரின் கையால் நான்கு துண்டுகள் செய்யலாம்: 202இல் இரண்டு, 304இல் இரண்டு, ஒவ்வொரு வகையிலும் ஒன்று மட்டும் பசையிட்டுக் கழுவியது. அவற்றைப் பொழியூர்க் கரையில் ஒரு வீட்டுக் கூரையில் கட்டித் தொங்கவிட்டு, ஒரு மழைக்காலம் கழிந்தபின் இறக்கி, தமிழும் மலையாளமும் கலந்த அவ்வூர்ப் பேச்சில் பட்டறைக்காரர்களும் வாங்குவோரும் ஒருங்கே இருக்கும்போது காட்டுவது, அச்சிட்ட கையேட்டினும் விரைவாகச் செய்தியைக் கொண்டுசேர்க்கும்.