தேயிலைத் தண்டும் போலி வளையங்களும்



1885-இல் வில்லியம் கேமரன் நில அளவையின்போது கண்ட இந்தக் கேமரன் மேட்டுநிலத்தில், 1929-இல் ஜே. ஏ. ரசல் 'போ' தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கினார். காடு வெட்டி, கன்று நட்டு, கொழுந்து பறித்து இந்தச் சரிவுகளைப் பசுமையாக்கியதில் தமிழ்த் தொழிலாளர்களின் உழைப்புக்குப் பெரும் பங்கு உண்டு. அவர்கள் தலைமுறை தலைமுறையாகக் கவாத்து செய்துவந்த செடியின் தண்டை இன்று அறுக்காமலே உள்ளே பார்க்க முடிகிறது. அதற்குத் துணைநிற்கும் எக்ஸ் கதிர் நுண் சி.டி. படங்களில் விழும் போலி வளையங்களே இக்கருத்தரங்கின் பொருள்.

இந்தத் துறையின் அடித்தளத்தில் இந்திய அறிவியலும் இருக்கிறது. சென்னைப் பல்கலைக்கழகத்தில் பல்லாண்டு ஆய்வு நடத்திவிட்டுப் பெங்களூரு சென்ற ஜி. என். ராமச்சந்திரனும், அவருடன் ஏ. வி. லட்சுமிநாராயணனும் 1971-இல் ஒரு கட்டுரை வெளியிட்டனர். பல கோணங்களில் எடுத்த நிழற்படங்களிலிருந்து குறுக்குவெட்டுத் தோற்றத்தைக் குறைந்த கணக்கீட்டில் மீட்டெடுக்கும் வழியை அது காட்டியது. அதே ஆண்டு அக்டோபர் 1 அன்று லண்டனின் அட்கின்சன் மார்லி மருத்துவமனையில் ஹவுன்ஸ்ஃபீல்டின் சி.டி. கருவி முதல் நோயாளியின் தலையைப் படமெடுத்தது. ராமச்சந்திரன், லட்சுமிநாராயணன் இருவர் பெயரையும் சேர்த்து 'ராம்-லாக்' என்று அழைக்கப்படும் வடிகட்டி இன்றும் சி.டி. மென்பொருள்களில் இயங்குகிறது.

நுண்ணிய விவரங்களைத் தூக்கிக் காட்டுவது அந்த வடிகட்டியின் இயல்பு. ஒரே ஒரு பிக்சலின் பிழையையும் அது அப்படியே தூக்கிக் காட்டிவிடும்.

பிழை பிறக்கும் விதம் எளிது. நுண் சி.டி.யில் மாதிரி சுழலும், உணர்கருவி அசையாது. சுழலும் குயவன் சக்கரத்தின் மேல் ஒரு குச்சியை அசையாமல் பிடித்தால் களிமண்ணில் வட்டம் விழுவதுபோல, தவறாக அளக்கும் ஒரு பிக்சல் எல்லாக் கோணங்களிலும் அதே தவற்றைச் செய்து படத்தில் ஒரு வட்டத்தை வரைகிறது. கதிரை ஒளியாக மாற்றும் சின்டிலேட்டர் தகட்டில் ஒரு தூசி, ஒரு கீறல், செயலிழந்த ஒரு பிக்சல் இருந்தாலே போதும். எல்லாக் கோணங்களின் அளவீடுகளையும் அடுக்கிவைத்த, கணக்கீட்டுக்கு முந்தைய சைனோகிராமில் அது நேர்கோடு. கணக்கிட்ட பின் வளையம். சுழற்சி அச்சை நெருங்க நெருங்க அதன் கடுமை கூடும்.

தேயிலைத் தண்டுக்கு இதைவிடப் பெரிய இடையூறு வேண்டியதில்லை. தண்டே உருளை வடிவமானது, அதன் நடுத்தக்கையும் பெரும்பாலும் சுழற்சி அச்சிலேயே நிறுத்தப்படுகிறது. பொய்யான வட்டமும் மெய்யான திசு அடுக்கும் ஒரே மையத்தில் பொருந்திவிடுகின்றன. இலங்கையிலும் தென்னிந்தியாவிலும் தேயிலையைத் தாக்கும் தண்டுத் துளைப்பான் வண்டு ஏறத்தாழ 2 மில்லிமீட்டர் நீளமே உள்ளது. அது தண்டுக்குள் சுரங்கம் குடைந்து, தான் கொண்டுவரும் பூஞ்சையை வளர்த்து உண்கிறது. அந்தச் சுரங்கம் தண்டைச் சுற்றி வளைந்து செல்வதும் உண்டு. படத்தில் தெரியும் வளைவு வண்டு குடைந்ததா, பிக்சல் வரைந்ததா என்று பிரித்தறியாமல் சேதத்தை அளக்க இயலாது.

தீர்வுகள் பல உள்ளன. மாதிரி இல்லாமல் ஒரு படமும், கதிரை நிறுத்தி ஒரு படமும் எடுத்துச் சமன்செய்வது முதற்படி. பிக்சலின் நடத்தை நேரத்தோடும் கதிரின் செறிவோடும் மாறுவதால் அது மட்டும் போதாது. 1997-இல் டேவிஸும் எலியட்டும் உணர்கருவியையே நகர்த்திப் பிழையைப் பரப்பிக் கரைத்தனர். 2004-இல் சைபர்ஸும் போஸ்ட்னோவும் வளையங்களை நேர்கோடுகளாக விரித்து நீக்கினர். 2009-இல் முன்ச் குழுவினர் அலைக்கூறுகளையும் ஃபூரியர் வடிகட்டலையும் இணைத்தனர். 2018-இல் பிரிட்டனின் டயமண்ட் ஒளிமூலத்தில் வோ குழுவினர் சைனோகிராமின் ஒவ்வொரு நெடுவரிசையையும் செறிவின்படி வரிசைப்படுத்திக் கோடுகளை அடக்கினர்.

இவற்றில் கடைசி மூன்று வழிகளும் மென்பொருள் சார்ந்தவை. அளவு மீறினால் அவை மெய்யான விளிம்பையும் மழுக்கும்; புதிய கோடுகளைக்கூட உண்டாக்கும். ஆகவே சுத்தம் செய்யும் வேலை படமெடுக்கும் இடத்திலேயே தொடங்க வேண்டும். சின்டிலேட்டரின் தூசியைத் துடைப்பதும், தண்டை அச்சிலிருந்து சற்று விலக்கி நிறுத்துவதும் செலவில்லாத காரியங்கள். விலக்கி நிறுத்தினால் போலி வளையங்களின் மையம் ஓரிடத்திலும் தண்டின் மையம் வேறிடத்திலும் விழும், பார்வையாலேயே பிரித்துவிடலாம்.

இன்று கட்டுரை வாசிப்போருக்குத் தலைமையின் வேண்டுகோள் இதுதான். திருத்திய படத்தோடு திருத்தாத படத்தையும் காட்டுங்கள். எந்த வடிகட்டியை, எந்த அளவில் பயன்படுத்தினீர்கள் என்பதை எழுதுங்கள். மூல சைனோகிராம்களை அழித்துவிடாமல், கேட்கும் மாணவருக்குக் கொடுங்கள்.