சுரண்டித்தான் ஆகவேண்டும்



நடுவர் அவர்களே, செகண்ட் ஹேண்டில் வாங்கிய பைக்கின் துருவைச் சுரண்டி எடுப்பது விவேகமா, வீண் வேலையா? விவேகம்தான் என்று வாதாட வந்திருக்கிறேன்.

எதிரணித் தலைவர் ஒரு கணக்குப் போட்டுக் காட்டினார். வண்டியே இருபத்தைந்தாயிரம், அதைக் கழற்றிச் சுரண்ட இரண்டு நாள் போகும், அந்த இரண்டு நாள் கூலி என்ன ஆவது? கறுப்பு ஸ்பிரே ஒரு டப்பா வாங்கி அடித்தால் வண்டி பளபளவென்று ஆகிவிடும் என்றார். நீங்களும் கைதட்டினீர்கள். அந்த ஸ்பிரேக்கு அடியில் என்ன நடக்கிறது என்பதை மட்டும் அவர் சொல்லவில்லை. நான் சொல்கிறேன்.

இரும்போடு ஈரமும் காற்றும் சேர்ந்தால் துரு. அந்தத் துரு, தான் தின்ற இரும்பைவிட அதிக இடத்தை அடைத்துக்கொண்டு உப்பும். மட்கார்டு ஓரத்தில் பெயிண்ட் கொப்புளம் விடுவது அதனால்தான். துரு கெட்டியான பொருளும் அல்ல. பொருபொருவென்று இருக்கும், ஈரத்தைக் குடித்து வைத்துக்கொள்ளும். நம் தூத்துக்குடியில் அந்த ஈரத்தோடு உப்பும் சேர்கிறது. உப்பு காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும், அரிப்பை வேகப்படுத்தும். இதையெல்லாம் எடுக்காமல் மேலே பெயிண்ட் அடிப்பது, புண்ணுக்குள் சீழை விட்டுவிட்டு மேலே தையல் போடுவதற்குச் சமம். ஒரு ஐப்பசி மழைக்குத் தாங்காது நடுவர் அவர்களே.

பாம்பன் பாலத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 1914-இல் திறந்த பாலம். நாலு பக்கமும் கடல், ஓயாத உப்புக்காற்று. இரும்பு அரிப்பை ஆராய்வதற்கென்றே காரைக்குடி மின்வேதியியல் ஆய்வகம் பக்கத்து ஊரான மண்டபத்தில் ஒரு நிலையம் வைத்திருக்கிறது என்றால் அந்தக் காற்று எப்படிப்பட்டது என்று யோசியுங்கள். அந்த இடத்தில் ஓர் இரும்புப் பாலம் நூறு வருடத்துக்கு மேல் ரயிலைச் சுமந்தது. தூக்குப் பகுதி பலவீனப்பட்டு 2022 டிசம்பரில்தான் ரயிலை நிறுத்தினார்கள். 2025 ஏப்ரலில் புதுப் பாலம் வந்தது. அவ்வளவு காலம் அது நின்றது துருவை மூடி வைத்ததாலா? சுரண்டினார்கள், பெயிண்ட் அடித்தார்கள், மறுபடி சுரண்டினார்கள். அதே கடற்காற்றுதான் உங்கள் வீட்டு வாசலில் நிற்கும் வண்டியிலும் அடிக்கிறது.

கடல் இல்லாத ஊரில் துரு வராதா என்றால் அங்கேயும் வரும். ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் தண்ணீர் உண்டாகிறது. ஆவியாகத்தான் போகும். ஆனால் கடைக்கும் பள்ளிக்கூடத்துக்கும் மட்டும் ஓடுகிற வண்டியில் சைலன்சர் நன்றாகச் சூடாவதே இல்லை. தண்ணீர் உள்ளேயே தங்கிவிடுகிறது. வெளியே மாசு மறுவில்லாத சைலன்சரின் அடியில் ஒருநாள் ஓட்டை விழுவது இப்படித்தான்.

இப்போது பெட்ரோல் டேங்க். மூடியைத் திறந்து டார்ச் அடித்துப் பாருங்கள். உள்சுவர் பழுப்பாக இருந்தால் அந்தத் தூள் பெட்ரோலோடு இறங்கும், கார்புரேட்டரின் ஜெட்டை அடைக்கும். துறைமுகம் போகும் சாலையில் பின்னால் லாரி வரும்போது வண்டி இழுவை இல்லாமல் திக்கும். எந்த ஸ்பிரே டப்பா இதைச் சரிசெய்யும்? பெட்ரோலை முழுக்க வடித்துவிட்டு, எலுமிச்சை உப்பை வெந்நீரில் கரைத்து ஊற்றி ஒரு ராத்திரி வைக்க வேண்டும். கெட்டித் துருவாக இருந்தால் ஒரு கைப்பிடி நட்டுகளைப் போட்டுக் குலுக்க வேண்டும். போட்டதை எண்ணி வைத்து, எண்ணியே வெளியே எடுக்க வேண்டும். பிறகு சமையல் சோடாத் தண்ணீரால் அலசி, உடனே காயவைக்க வேண்டும். உடனே என்பதை அழுத்திச் சொல்கிறேன். துரு நீங்கிய இரும்பு வெள்ளி மாதிரி இருக்கும். ஈரத்தோடு விட்டால் கண்ணெதிரிலேயே மஞ்சள் ஏறிவிடும். காய்ந்த கையோடு கொஞ்சம் ஆயில் கலந்த பெட்ரோலை ஊற்றி எல்லாப் பக்கமும் படியச் சுழற்ற வேண்டும். வேலைதான், மறுக்கவில்லை. "புது டேங்க் வாங்கிப் போடு" என்றார் நண்பர். 1996-இல் உற்பத்தி நின்றுபோன ஆர்எக்ஸ் 100-க்கு ஒரிஜினல் டேங்க் வாங்கிக் கொண்டுவந்து இதே மேடையில் வைக்கட்டும், பார்க்கலாம்.

எதிரணியின் இரண்டாவது பேச்சாளர் துருவை மாற்றும் திராவகத்தைப் பற்றிப் பேசினார். பூசினால் துரு கறுத்துவிடும், சுரண்டவே வேண்டாம் என்றார். அந்த பாஸ்பாரிக் அமிலம் நல்ல பொருள்தான், நானும் வாங்கச் சொல்வேன். ஆனால் அது இரும்போடு ஒட்டி நிற்கும் மெல்லிய துருவில்தான் வேலை செய்யும். செதில் செதிலாகப் பெயர்ந்து நிற்பதன் மேல் பூசினால் மேல்தோல் கறுக்கும், அடியில் அரிப்பு நடந்துகொண்டே இருக்கும். வயர் பிரஷ், எமரித் தாள், அதற்குப் பிறகு திராவகம், ரெட் ஆக்சைடு, கடைசியில் பெயிண்ட். இந்த வரிசையில் முதல் படியைத் தாண்டிவிட்டு மற்றதைச் செய்வதற்குச் செய்யாமலே இருக்கலாம்.

எல்லாவற்றையும் சுரண்டு என்றும் எங்கள் அணி சொல்லவில்லை. குரோம் பூச்சு மிக மெல்லியது. அதில் முரட்டு எமரி பட்டால் பூச்சே போய்விடும். அலுமினியத் தாளைக் கசக்கித் தண்ணீர் தொட்டு மெல்லத் தேய்த்தாலே ரிம்மிலுள்ள புள்ளித் துரு வந்துவிடும். சேஸிஸ் நம்பர் இருக்கும் இடத்தில் கிரைண்டர் போகவே கூடாது. அந்த எழுத்து அழிந்தால் ஆர்டிஓ அலுவலகத்தில் பெயர் மாற்றும்போது பதில் சொல்ல முடியாது. அங்கே ஆயில் தொட்ட துணியும் பொறுமையும் போதும். முன் ஃபோர்க் குழாயில் விரல் நகத்தை ஓட்டிப் பாருங்கள். நகம் தடுக்கும் அளவுக்குக் குழி விழுந்திருந்தால் சுரண்டிப் பயனில்லை. அந்தக் குழி ஆயில் சீலைக் கிழிக்கும், ஆயில் வழிந்து முன் பிரேக்கில் இறங்கும். மாற்றத்தான் வேண்டும்.

எதை மாற்றலாம், எதை வைத்துக்கொள்ளலாம் என்பதே சுரண்டினால்தானே தெரிகிறது? பேட்டரிப் பெட்டிக்கு அடியில் ஆசிட் சிந்திய சேஸிஸ் கம்பியை ஸ்குரூடிரைவர் பிடியால் தட்டுங்கள். கணீரென்று சத்தம் வந்தால் பிழைத்தோம். மொத்தென்று கேட்டால் உள்ளே இரும்பு இல்லை. முனையால் குத்தினால் பொத்துக்கொள்ளும். அந்த வண்டியில் யாரையும் ஏற்றக் கூடாது. இதைத்தான் ஸ்பிரே மறைக்கிறது. மனம் கொதித்துத்தான் பேசுகிறேன் நடுவர் அவர்களே, ஏனென்றால் இந்த வண்டிகளை வாங்குகிறவர்கள் யார்? உப்பளத்துக்கு விடியுமுன் போகிறவர்கள். கல்லூரிப் பிள்ளைகள். பின்னால் மீன் பெட்டி கட்டித் தெருத்தெருவாக விற்கிறவர்கள்.

மீன்காரர் வண்டியின் பின்பக்கத்தைக் குனிந்து பார்த்திருக்கிறீர்களா? ஐஸ் உருகிய உப்புத் தண்ணீர் பெட்டியின் மூலையிலிருந்து சொட்டுச் சொட்டாக மட்கார்டில் விழும், அங்கிருந்து ஸ்விங் ஆர்மின் வெல்டிங் ஓரத்தில் தேங்கும். பின்சக்கரம் நிற்பதே அந்த ஆர்மில்தான். அவருக்கு ஏது நேரம் என்று எதிரணி கேட்டது. தினமும் வியாபாரம் முடிந்ததும் ஒரு வாளி நல்ல தண்ணீர் ஊற்ற நேரம் உண்டு. ஒரு ஞாயிற்றுக்கிழமை பின்சக்கரத்தைக் கழற்றி, அந்த ஓரத்தை வெள்ளை இரும்பு தெரியும்வரை தேய்த்து, ரெட் ஆக்சைடு பூசிக் காயவைக்கவும் நேரம் உண்டு. செலவு சில நூறு ரூபாய்.

எதிரணி நண்பர்களிடம் ஒரே ஒரு கேள்வி. நீங்கள் ஸ்பிரே அடித்த வண்டியை விற்கும்போது, வாங்க வருகிறவர் ஒரு ஸ்குரூடிரைவரை எடுத்து அந்த ஸ்விங் ஆர்மில் குத்திப் பார்க்க அனுமதிப்பீர்களா? அடுத்துப் பேச வருகிறவர் முதலில் இதற்குப் பதில் சொல்லட்டும்.